கணவர் இறந்துபோவது போலத் தினமும் கற்பனை ஓடுகிறது. நான் கெட்டவளா?

கேட்டவர் சொன்னவை: கல்யாணமாகி 11 வருடம். அடி, குடி இல்லை, பேச்சும் இல்லை. தாம்பரம்–பீச் ரயிலில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகும்போது, கணவர் விபத்தில் இறப்பதாக ஒரு கதை ஓடுகிறது. யாராவது கூப்பிட்டுக் கலைத்தால் எரிச்சல் வருகிறது. இதை அவரிடம் சொல்லிவிடலாமா?

நீங்கள் கெட்டவர் இல்லை. கதையில் சாவுக்கு அடுத்த காட்சி என்ன என்று பாருங்கள். சொந்தக்காரர்கள் சூழ்ந்து உட்காருவார்கள், அம்மா கையைப் பிடித்துக்கொள்வார், யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள். பிரிந்து வந்தவளை வாழாவெட்டி என்கிற ஊர், பறிகொடுத்தவளுக்குப் பரிதாபப்படுகிறது. பழிச்சொல் இல்லாமல் வெளியே வர உங்கள் மனதுக்குத் தெரிந்த ஒரே வாசல் அந்த விபத்து.

இப்படி மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும் பகற்கனவை 2002ல் ஏலி சோமர் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் ஒரு தனி நிலையாக விவரித்தார். பாட்டும், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் அசைவும் இதைத் தூண்டும் என்பது தெரிந்த விஷயம். ரயிலில் காதில் பாட்டோடு உட்கார்ந்ததும் கதை தொடங்குவது அதனால்தான்.

அடக்கப் பார்க்காதீர்கள். 1987ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு ஆய்வில் சிலரிடம் வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்றார். அது திரும்பத் திரும்ப வந்தது. தடையை எடுத்த பிறகு, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்கு அதிகமாக வந்தது. 'இனி நினைக்கவே மாட்டேன்' என்று சபதம் போடுபவர்களுக்கு அது இன்னும் அதிகமாகத் திரும்புவதும் இப்படித்தான்.

அதற்குப் பதில் 14 நாள் ஒரு சின்ன நோட்டில் குறியுங்கள்: மணி, இடம், அதற்கு முந்தைய அரை மணியில் நடந்தது, எத்தனை நிமிடம் ஓடியது, எந்தக் காட்சியில் மனம் ஆறியது. ஒரு தடவைக்கு இரண்டு வரி போதும். கதையையே எழுத உட்கார்ந்துவிடாதீர்கள், அது இன்னும் வளரும். பெயர் எதுவும் வேண்டாம். நோட்டு ஆபீஸ் டிராயரில் இருக்கட்டும். மனம் ஆறிய காட்சிகளைச் சேர்த்துப் படித்தால் குறை எதுவென்று தெரியும்: தனிமையா, அவமானமா, ஓய்வே இல்லாததா.

ரயிலில் ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் இயர்போனைப் பைக்குள் வையுங்கள். முதல் சில நாட்கள் கடுப்பாக இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்.

அவரிடம் கதையைச் சொல்ல வேண்டாம். சாவு என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழும். உங்கள் குறை விழாது. குறையை மட்டும், சண்டை இல்லாத நாளில், ஒரே ஒரு கோரிக்கையாகக் கேளுங்கள். "என்னங்க, ராத்திரி சாப்பிட்டதும் 15 நிமிஷம் போன் இல்லாம மொட்டைமாடியில உக்காரலாமா?" நீங்க மாறணும் என்று தொடங்கினால் அங்கேயே முடிந்துவிடும். மூன்று வாரம் கேட்டும் மசியவில்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான். அப்போது திருமண ஆலோசகரிடம் போகலாம்; பிரிவதையும் வெளிப்படையாக யோசிக்கலாம். இந்து திருமணச் சட்டப்படி பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஒரு வருடம் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். அடுத்த 6 மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, கூப்பிட வேண்டிய எண் 15100.

மூன்று நிலைமைகளில் நோட்டு போதாது. கற்பனை திட்டமாக மாறி, மாத்திரை, நேரம், வழி என்று தேடத் தொடங்கினால்; கதையில் சாவது நீங்களாக இருந்தால்; வேண்டாத காட்சி வலுக்கட்டாயமாக வந்து, செய்துவிடுவேனோ என்று நடுங்க வைத்தால். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் எண்ணச் சுழற்சி நோய் (OCD), அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. முதல் இரண்டுக்கும் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள், இலவசம். நேரில் போக கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. அங்கே "தினமும் இத்தனை மணி நேரம் கற்பனையில் போகிறது, வேலை கெடுகிறது" என்று நோட்டைக் காட்டித் தொடங்குங்கள். கணவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2017ம் ஆண்டு மனநலச் சட்டம் உங்கள் ரகசியத்தைக் காக்கிறது.