வாசகர் கேள்வி – பதில்: நாட்டில் ஓடிய வேகக் காரா, புதிதாக இறங்கும் ஜப்பான் காரா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 31 வயது. யாழ்ப்பாண நகரில் வேலை. விறுவிறுப்பாக ஓடக்கூடிய ஒரு கார் வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கனடாவிலிருக்கும் அண்ணா பணத்துக்கு உதவி செய்கிறார். குருநாகலில் ஒருவர் 2003ஆம் ஆண்டுச் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றை விற்கிறார். அது இலங்கையில் பதிவாகி நாலு கை மாறியது; எஞ்சினை ஒருமுறை பிரித்துக் கட்டியதாகவும் சொல்கிறார். மறுபக்கம், வாகன இறக்குமதி செய்யும் ஒருவர் ஜப்பானில் பதிவாகி மூன்றாண்டு நிறையாத சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் ஒன்றை ஏலத்தில் எடுத்துத் தருவதாகக் கூறுகிறார். அதற்கு விலை சற்றுக் கூட. வீட்டில் வேறு கார் இல்லை. அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்காக இடைக்கிடை கொழும்புக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். எதை வாங்கலாம்?
— ச., கொக்குவில்

பதில்: சுவிஃப்ட் ஸ்போர்ட்டை வாங்குங்கள். வீட்டில் வேறு கார் இல்லை என்பதும், அதில்தான் அம்மா ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம் செய்யப்போகிறார் என்பதும் உங்கள் கடிதத்தில் இல்லாதிருந்தால் நான் இவ்வளவு விரைவாகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

இயந்திரம் என்ற வகையில் சுபாரு மேலானது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஈஜே20 என்ற அந்த இரண்டு லீற்றர் டர்போ எஞ்சினில் சிலிண்டர்கள் இருபுறமும் படுக்கையாகக் கிடப்பதால் பாரம் தாழ்ந்து நிற்கிறது. நான்கு சில்லுகளுக்கும் இழுவை செல்வதால் வளைவிலும் மழையிலும் கார் நிலத்தைப் பற்றிக்கொண்டு போகும். ஏறத்தாழ 1,400 கிலோ எடைக்கு 250 குதிரைவலு. சுவிஃப்ட் ஸ்போர்ட்டின் 1.4 லீற்றர் டர்போ எஞ்சின் 140 குதிரைவலுவைத்தான் தருகிறது. ஆனால் கையால் கியர் மாற்றும் வகையின் எடை 970 கிலோ மட்டுமே. தொன் ஒன்றுக்கு எனக் கணக்கிட்டால் சுபாருவுக்கு 179 குதிரைவலு, சுவிஃப்ட்டுக்கு 144. காகிதத்தில் தெரிகின்ற அளவுக்கு அவை தூரத்தில் இல்லை. மேலும், நகருக்கு வெளியே கார்களுக்கு மணிக்கு 70 கிலோமீற்றர், குடிமனைப் பகுதிகளில் 50 என்று சட்டம் வரையறுத்திருக்கும் எங்கள் வீதிகளில் 250 குதிரைகளையும் ஒருசேர அவிழ்த்துவிட இடமேது? இலேசான கார் 50க்கும் 70க்கும் இடையிலேயே ஓட்டும் சந்தோஷத்தைத் தந்துவிடும்.

என்னைத் தயங்க வைப்பது அந்தச் சுபாருவின் கடந்த காலம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தனியாருக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டிலிருந்த பழைய கார்களின் விலை ஏறியதோடு, ஓய்வு கொடுக்க வேண்டிய பல கார்கள் கிடைத்த உதிரிப்பாகத்தைப் பூட்டி ஓட்டப்பட்டன. வேகக் காரை வாங்குபவர் வேகமாக ஓட்டத்தான் வாங்குகிறார். நாலு கை மாறியது என்றால் நாலு பேர் அப்படி ஓட்டியிருக்கிறார்கள். பதிவுப் புத்தகம் உரிமையாளரின் பெயரைச் சொல்லுமே தவிர, குளிர்ந்த எஞ்சினை அவர் எப்படி முறுக்கினார் என்பதைச் சொல்லாது. "எஞ்சின் பிரித்துக் கட்டியது" என்பதைத் தகுதியாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கோ அது முதலாவது கேள்வி. ஏன் பிரித்தார்கள்? பிஸ்ரன் வளையங்களுக்கிடையிலுள்ள மெல்லிய பகுதி உடைவதும், ஒயில் போதாமல், பிஸ்ரனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கொனெக்ரிங் றொட்டின் பெயாரிங் தேய்வதும் இந்த எஞ்சினில் நன்கு அறியப்பட்ட குறைகள். எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் அந்த வார்த்தைக்குப் பெறுமதி இல்லை.

இதற்குப் பிறகும் உங்கள் மனம் சுபாருவில்தான் நிற்கிறது என்றால், குருநாகலுக்குத் தனியாகப் போகாதீர்கள். டர்போ எஞ்சினில் கைபழகிய மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவருக்கு முதல்நாளே சொல்லிவிட்டு, போனதும் பொனற்றில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த நிலையில் இயக்கும்போது வரும் தட்டல் ஓசையும் நீலப் புகையும் சூடான எஞ்சினில் ஒளிந்துகொள்ளும். நான்கு சிலிண்டர்களிலும் கொம்பிரஷன், அதாவது உள்ளே காற்று அமுக்கப்படும் அழுத்தத்தை, அளந்து, நான்கும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். ஒன்று தனித்து இறங்கியிருந்தால் பேச்சை நிறுத்திவிடலாம். விற்பவர் சம்மதித்தால் ஒயில் பில்ரரைக் கழற்றி, வெட்டி, உள்ளேயிருக்கும் மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். ஒயில் கறுப்பாக இருப்பது இயல்பு. அந்தக் கறுப்புக்குள் மினுங்கும் துகள்கள் இருந்தால் பெயாரிங் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, ஒரு வெற்றுக் காணியில் ஸ்ரியறிங்கை முழுவதும் ஒடித்து மிக மெதுவாக வட்டமிடுங்கள். கார் இழுத்துப் பிடித்து, துள்ளித் துள்ளி நகர்ந்தால், முன் பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிபரென்ஷியல் போய்விட்டது. நான்கு ரயர்களும் ஒரே வகையாகவும் ஒரே அளவு தேய்ந்தவையாகவும் இருக்க வேண்டும். இரண்டு புதியதும் இரண்டு பழையதுமாகப் பூட்டி ஓடியிருந்தால் அந்த டிபரென்ஷியல் நாளும் பொழுதும் அரைபட்டிருக்கும். வால்வுகளைப் பிஸ்ரனின் ஓட்டத்தோடு ஒத்து இயக்கும் ரைமிங் பெல்ற் 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியது; அது அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி எஞ்சின் கெடும். கடைசியாகத் தரைவிரிப்பைத் தூக்கி, முன் இருக்கைகளுக்குப் பின்னால், கதவுத் தூண்களின் அடியில், வெல்டிங் தழும்போ அடைக்கப்பட்ட போல்ற் துளைகளோ உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். பந்தயத்துக்காகப் பாதுகாப்புக் கூடு பூட்டிக் கழற்றிய கார்கள் இந்த இடங்களில்தான் தம் கதையைச் சொல்லும்.

இனி இறக்குமதிக் காருக்கு வருவோம். கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்கிறோமே என்ற பயம் நியாயமானது. ஆனால் ஜப்பானிய ஏலத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உறவில்லாத ஒரு பரிசோதகர் காரைப் பார்த்து ஏலத்தாளை நிரப்புகிறார் என்பதால், அந்தப் பயத்துக்கு ஒரு பரிகாரம் இருக்கிறது. தரம் 4 அல்லது 4.5 என்றிருப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். தாளின் மூலையிலுள்ள கார்ப் படத்தைப் பாருங்கள்: கீறல் 'ஏ', நெளிவு 'யூ', திருத்திய பகுதி 'டபிள்யூ', மாற்றிய பாகம் 'எக்ஸ்எக்ஸ்' எனக் குறிக்கப்பட்டிருக்கும். தரத்துக்குரிய கட்டத்தில் 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' இருந்தால் அது மோதித் திருத்தப்பட்ட கார். எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். தாளை இறக்குமதியாளர் கையால் மட்டும் பெறாமல், சேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, ஏலப் பதிவுகளைச் சரிபார்த்துத் தரும் சேவையொன்றில் நீங்களே பெற்று ஒப்பிடுங்கள். போலித் தாள்களும் குறைத்த மீற்றர்களும் அங்கேதான் பிடிபடும். சேசி இலக்கத்தைத் தரத் தயங்கும் இறக்குமதியாளரிடம் முற்பணம் கொடுக்கவே கூடாது.

ஜப்பானில் புதிய காருக்கு முதலாவது கட்டாயப் பரிசோதனை மூன்றாண்டு முடிவில்தான் வரும். இலங்கைக்குள் கொண்டுவரக்கூடிய பழைய கார்களுக்கான எல்லையும் மூன்றாண்டுதான். எனவே இங்கே வந்திறங்கும் பெரும்பாலான கார்கள் அந்தப் பரிசோதனையைக் காணாமலே வருகின்றன. கப்பலேற்றுமுன் பெறும் சான்றிதழ் இருக்கிறதே என்று இருந்துவிடாமல், கார் கைக்கு வந்ததும் பிறேக், ஒயில், கூலன்ற் யாவற்றையும் ஒருமுறை பார்க்கச் செய்யுங்கள்.

விலை விடயத்தில் ஒன்று. எங்கள் நாட்டில் உற்பத்தி வரி எஞ்சினின் கன சென்ரிமீற்றருக்கு இவ்வளவு என்று அறவிடப்படுகிறது; கொள்ளளவு கூடக் கூட அந்த வீதமும் ஏறும். அதற்கும் சுங்கத் தீர்வைக்கும் மேலே 18 சதவீதப் பெறுமதிசேர் வரி வருகிறது. இரண்டு லீற்றர் வேகக் கார் ஒன்றை இன்று புதிதாக இறக்குவது சாதாரண குடும்பத்துக்கு எட்டாமல் போனதும், சிறிய டர்போ எஞ்சின்கள் பெருகியதும் இதனால்தான். வங்கியில் நாணயக் கடிதம் (எல்.சி.) திறப்பதற்கும் கார் துறைமுகத்தில் இறங்குவதற்கும் இடையில் யென் விலையோ வரியோ மாறினால் அந்த வித்தியாசத்தை யார் ஏற்பது என்பதை எழுத்தில் பெறுங்கள். அண்ணா உழைத்து அனுப்பும் காசு வாய்ப்பேச்சில் கரையக் கூடாது.

எங்கள் மண்ணுக்கு உரிய சில விடயங்களையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் உயர்தரப் பெற்றோல் என்றால் குறைந்தது ஒக்டேன் 96. உங்கள் இரு தெரிவுகளும் அதற்கென்றே செய்யப்பட்டவை. இங்கே பொதுவாகக் கிடைப்பது 92உம் 95உம். சுவிஃப்ட்டின் எஞ்சின் பிற நாடுகளில் 95இலேயே ஓடுகிறது; ஆகவே 95 அடித்தால் பயமில்லை. சுபாருவுக்கு, அதிலும் டர்போ அழுத்தத்தை யாராவது கூட்டி வைத்திருந்தால், 95கூட மட்டுமட்டுத்தான்; 92 அடித்து ஏற்றத்தில் மிதித்தால் எரிபொருள் நேரத்துக்கு முன் வெடித்து, முன்னே சொன்ன பிஸ்ரனையே தாக்கும். எதை வாங்கினாலும் ரேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கேத்திலில் படியும் அந்த வெள்ளை ரேடியேற்றரின் குழாய்களிலும் படியும். டர்போ எஞ்சின் அதைத் தாங்காது. பண்ணைப் பாலம் கடந்து தீவுப்பகுதிக்குப் போய்வந்தால் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுங்கள்.

சுவிஃப்ட்டின் சேவைப் பாகங்கள் பல இங்கேயே ஸ்ரான்லி வீதியில் கிடைக்கும். இல்லாதவை கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்துவிடும். சுபாருவின் ஒரு சென்சர் பழுதானால் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி, கிடைக்காமல் ஜப்பானுக்கு எழுதி, அதுவரை காரை முற்றத்தில் நிறுத்திவைக்க வேண்டிவரும். அம்மாவுக்கு வைத்தியர் கொடுத்த திகதி அதற்காகத் தள்ளிப்போகாது.

கேள்வி: இலங்கையில் பதிவான ஹொண்டா சிவிக் 1.0 டர்போ, 2018ஆம் ஆண்டுக் கார், ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதை வேகக் காராகக் கருதலாமா? வாங்கலாமா?
— தி., சாவகச்சேரி

பதில்: தோற்றம் வேகக் காருக்குரியது, இருக்கையும் ஸ்ரியறிங்கும் சிறப்பானவை. ஆனால் ஏறத்தாழ 1,300 கிலோவை 988 கன சென்ரிமீற்றர் கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சின் சுமார் 126 குதிரைவலுவுடன் இழுக்கிறது. நெடுந்தூரப் பயணத்துக்கு நல்ல கார் என்று சொல்வேன், வேகக் கார் என்று சொல்ல மாட்டேன். 1,000 கன சென்ரிமீற்றருக்குள் அடங்கியதால் வரி குறைந்தது. அதனாலேயே நாட்டில் இவ்வளவு பெருகியது.

வாங்குமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இந்த எஞ்சினின் ரைமிங் பெல்ற் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஒயிலைப் பிந்தி மாற்றினாலோ நிறுவனம் சொன்ன வகை அல்லாத ஒயிலை ஊற்றினாலோ பெல்ற் ஊறிப் பிய்ந்து, அதன் துணுக்குகள் ஒயிலை உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். பிறகு டர்போவும் எஞ்சினும் ஒன்றாகப் போகும். எஞ்சினின் மேல்மூடியைத் திறந்து பெல்ற்றைப் பார்க்க விற்பவர் இணங்க வேண்டும். ஒயில் மாற்றிய பதிவுகள் ஒழுங்காக இருந்து பெல்ற்றும் சுத்தமாக இருந்தால் வாங்குங்கள். பெல்ற் மாற்றிய பற்றுச்சீட்டு இருந்தால் விலையில் சிறிது கூடக் கொடுத்தாலும் தகும்.

கேள்வி: நான் பேசி முடித்த காரின் நிறம் பதிவுப் புத்தகத்தில் வெள்ளை, பார்வைக்கு நீலம். எஞ்சினும் மாற்றியது என்கிறார்கள். முற்பணம் கொடுக்கலாமா?
— ம., பருத்தித்துறை

பதில்: கொடுக்க வேண்டாம். நிறமாற்றமும் எஞ்சின் மாற்றமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட வேண்டியவை. எஞ்சினில் பொறித்த இலக்கம் புத்தகத்திலுள்ளதோடு ஒத்துவராவிட்டால் பெயர் மாற்றத்திலும், பிறகு காப்புறுதி கோரும்போதும், வீதிச் சோதனையிலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பதிவுகளைத் திருத்தித் தரும் பொறுப்பு விற்பவருடையது. அவர் திருத்திய புத்தகத்தைக் கொண்டுவந்த பிறகு, இலக்கங்களை நீங்களே ரோர்ச் அடித்துப் படித்து, எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.