சுவரில் ஒட்டியிருக்கும் அந்த முகம் யாருடையது?

கேள்வி: என் இளைய மகனுக்கு 21 வயது. பி.காம். முடித்திருக்கிறான். சிறு வயதிலிருந்தே அவனுக்குப் பேச்சு திக்கும். கணவர் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர். மூத்தவன் வங்கி அதிகாரி. இவனையும் குரூப் 2 தேர்வுக்குப் பயிற்சி மையத்தில் சேர்த்தோம். வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு நாடகக் குழுவின் ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருந்தான் என்பது இப்போதுதான் தெரிந்தது. அவன் அறைச் சுவரில் தட்டைத் தலையும் கழுத்தில் ஆணியுமாக ஒரு பேய்ப் படம். போரிஸ் கார்லாஃப் என்ற பழைய ஹாலிவுட் நடிகராம். "இவரும் திக்குவாய்தான்மா, இவர் நடிக்கலையா?" என்கிறான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். யார் இவர்? இவரை நம்பி என் மகன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன் சொன்னது பொய்யில்லை. கார்லாஃபுக்குச் சின்ன வயதில் பேச்சு திக்கியது. போதாததற்கு ‘ஸ’ என்ற சத்தம் நாக்கில் சரியாக விழாது. அந்தக் குறை கடைசிவரை போகவே இல்லை. கால்களும் சற்று வளைந்தவை. ஆனால் அவர் கதையில் உங்கள் மகன் கவனிக்காமல் தாண்டிப் போன இருபது வருஷம் இருக்கிறது. நீங்களும் உங்கள் கணவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி ஒன்றும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887 நவம்பர் 23-ல் லண்டனில் பிறந்தார், ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா இந்தியாவில் உப்பு வரித் துறையில் வேலை பார்த்தவர். தாய்வழிப் பாட்டியின் உடன்பிறந்தவர்தான், அகமத்நகரில் பிறந்து பிற்பாடு சயாம் (இன்றைய தாய்லாந்து) அரண்மனையில் ராஜாவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அன்னா லியோனோவென்ஸ். ஆக, நம் மண்ணோடு ஒட்டு உறவு உள்ள குடும்பம் அது. அம்மா சீக்கிரமே இறந்துவிட, மூத்தவர்கள்தான் இவரை வளர்த்தார்கள். அண்ணன்கள் பலர் அரசுப் பணிக்குப் போனவர்கள். ஜான் பிராட் என்ற அண்ணன் சீன விவகாரங்களில் பெயர் எடுத்து ‘சர்’ பட்டம் வாங்கியவர். கடைசித் தம்பியும் தூதரகப் பணிக்குத்தான் போக வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்து லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்த்தார்கள். தம்பிக்குப் பாடத்தில் மனம் போகவில்லை, நாடகக் கொட்டகையில்தான் இருந்தது. இதைப் படிக்கும்போது உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

1909-ல், உங்கள் மகனுக்கு இப்போது இருக்கும் அதே 21 வயதில், அவர் கப்பல் ஏறினார். கனடாவா ஆஸ்திரேலியாவா என்பதைக்கூடக் காசைச் சுண்டிப் போட்டுத்தான் தீர்மானித்தாராம். கனடாவில் இறங்கியதும் யாரும் மேடையில் ஏற்றிவிடவில்லை. பண்ணை வேலை, மண்வெட்டி பிடிக்கிற வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். ஒரு வழியாக காம்லூப்ஸ் என்ற ஊரில் முகாம் போட்டிருந்த நாடகக் கம்பெனியில், அனுபவம் இருப்பதாகச் சொல்லிச் சேர்ந்தார். முதல் நாள் திரை ஏறும்போது வாரச் சம்பளம் 30 டாலர், திரை இறங்கும்போது 15 டாலர் ஆகிவிட்டது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நடிப்பு அந்த லட்சணத்தில் இருந்திருக்கிறது. ஆனாலும் விரட்டவில்லை, அவரும் ஓடவில்லை. சின்னச் சின்ன ஊர்களில், வாரத்துக்கு வாரம் புது வசனத்தை மனப்பாடம் செய்து நடித்துப் பழகினார். 1912-ல் ரெஜைனா நகரைச் சூறாவளி புரட்டிப் போட்டபோது அங்கேதான் இருந்தார். நாடகம் இல்லை, கையில் காசும் இல்லை. இடிபாடு அள்ளும் கூலி வேலைக்குப் போனார். குடும்பப் பெயருக்கு இழுக்கு வரக் கூடாது என்று பெயரை மாற்றிக்கொண்டதும் இந்த நாட்களில்தான்.

அப்புறம் ஹாலிவுட். அங்கேயும் கூட்டத்தில் ஒருவராக, கத்தி பிடிக்கிற முரடனாக, பெயர்கூடப் போடாத வேஷங்கள். படம் இல்லாத மாதங்களில் லாரி ஓட்டினார், சரக்கு இறக்கினார். ஊமைப் படக் காலத்தின் பெரிய நடிகர் லான் சேனி அவரிடம் சொன்ன அறிவுரை ஒன்று உண்டு: மற்றவர்களால் முடியாததை, மற்றவர்கள் செய்யத் தயங்குவதைக் கண்டுபிடித்துச் செய். ஏறக்குறைய எண்பது படங்களில் தலைகாட்டிய பிறகுதான் அதற்கு வழி பிறந்தது. 1931-ல் யுனிவர்சல் ஸ்டுடியோ உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை இயக்குநர் ஜேம்ஸ் வேல் பார்த்தார். அந்த முகத்தின் எலும்பு அமைப்பு அவருக்குப் பிடித்துவிட்டது. பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒரு டாக்டர் உயிர் கொடுக்கிற கதைதான் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. அந்தப் படத்தின் ராட்சச வேஷத்துக்குக் கூப்பிட்டார். கார்லாஃபுக்கு அப்போது 43 வயது.

உங்கள் மகன் அறையில் இருப்பது அந்த வேஷம்தான். அது எப்படி வந்தது என்று தெரிந்தால் அந்தப் படத்தைப் பார்க்க உங்களுக்கே வேறு மாதிரி இருக்கும். விடியுமுன்னே போய் மேக்கப் கலைஞர் ஜாக் பியர்ஸ் முன்னால் உட்கார வேண்டும். நாலு மணி நேரம் அசையக் கூடாது. பிணத்தின் மண்டையைத் திறந்து மூளை வைக்கிற டாக்டர், பானை மூடியைத் திறப்பது போல உச்சியை நேராக அறுத்துத் திறப்பார், அதனால் தலை தட்டையாக இருக்கும் என்று பியர்ஸ் யோசித்திருந்தார். பஞ்சும் ரசாயனப் பசையும் அடுக்கடுக்காகப் பூசி அந்த நெற்றியை உண்டாக்கினார். நீங்கள் ஆணி என்று எழுதியது ஆணி இல்லை, உயிர் கொடுக்க மின்சாரம் பாய்ச்சுகிற முனை. மேலே பச்சை கலந்த சாம்பல் பூச்சு, கறுப்பு வெள்ளையில் அது பிண நிறமாகத் தெரியும். கண் ரொம்ப விழிப்பாக இருக்கிறது, இப்போதுதான் பிறந்த ஜீவனுக்கு இவ்வளவு தெளிவு இருக்காது என்று கார்லாஃப் சொல்ல, இமைமேல் மெழுகு வைத்துக் கனமாக்கினார்கள். வாயில் கட்டியிருந்த செயற்கைப் பல்லைக் கழற்றி ஒரு பக்கக் கன்னத்தைக் குழிய வைத்தது இவருடைய சொந்த யோசனை. காலில் ஈயம் போலக் கனக்கும் பூட்ஸ். ராத்திரி எல்லாவற்றையும் கரைத்து எடுக்க இன்னும் ஒன்றரை மணி நேரம்.

இத்தனைக்கும் அந்த வேஷத்துக்கு வசனமே கிடையாது, உறுமல்தான். முகமும் பசையில் பாதி இறுகிப் போயிருக்கிறது. மிச்சம் இருப்பது கண்ணும் கையும். ஒரு காட்சியில் கூரைக் கதவைத் திறந்து அந்த ஜீவனுக்கு முதன்முதலாக வெளிச்சம் காட்டுகிறார்கள். அது அண்ணாந்து பார்க்கிறது, எழுந்து, இரண்டு கையையும் மேலே நீட்டி வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. கதவை மூடிவிட்டதும் உள்ளங்கையை விரித்து, கொடு என்று கேட்கிற மாதிரி நிற்கிறது. பேய்ப் படம் என்று நினைத்து உட்காருகிறவர்கள் அந்த இடத்தில் பரிதாபப்படுவார்கள். அந்தக் காலத்துக் குழந்தைகளே பயப்படாமல் அந்த ஜீவனுக்காக இரக்கப்பட்டு அவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஏரிக்கரைக் காட்சியில் நடித்த சிறுமி, வேஷத்தோடு நின்றவரிடம் ஓடிப்போய் உங்கள் காரிலேயே நானும் வருகிறேன் என்றாளாம். முகம் சுளிக்கிற உறவினர்களிடம் நீங்கள் இதைச் சொல்லலாம்.

படத்தின் தொடக்கத்தில் அந்த வேஷக்காரரின் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறிதான் போட்டார்கள். படம் வெளியானதும் நிலைமை தலைகீழாகி, அடுத்த வருஷமே ‘மம்மி’ படத்துக்கு கார்லாஃப் என்ற பெயரே விளம்பரமாகிவிட்டது.

இப்போது உங்கள் கணவர் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி. 1933-ல் ஒரு படத்துக்காக, 24 வருஷம் கழித்து இங்கிலாந்து திரும்பினார். பட்டமும் பதவியுமாக இருக்கிற அண்ணன்கள் தம்பியின் தொழிலை என்ன நினைப்பார்களோ என்று உள்ளூர உதறல். பத்திரிகைக்காரர்களுக்காக ஒரு விருந்து, அண்ணன்களையும் படமெடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். தயங்கித் தயங்கித்தான் அவர்களிடம் சொன்னார். அவர்களோ யார் எங்கே நிற்பது என்று தங்களுக்குள் போட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள்! அதைப் பார்த்து எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று கார்லாஃப் பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டார் ஒரு வார்த்தை சொல்வார்களா என்று நாற்பத்தைந்து வயதிலும், அவ்வளவு புகழுக்குப் பிறகும் அவர் காத்திருந்திருக்கிறார். உங்கள் மகனை அவ்வளவு காலம் காக்க வைக்காதீர்கள்.

உங்கள் மகனுக்கும் சிலது சொல்ல வேண்டும். திக்கல் ஒரு நாளில் ஓடிவிடும் என்று அவன் நம்ப வேண்டாம். 1941-ல் நியூயார்க்கின் பெரிய நாடக வட்டாரமான பிராட்வே மேடையில் முக்கிய வேஷம் கிடைத்தபோது, ஒத்திகையில் பயத்தால் கார்லாஃபின் நாக்கு மறுபடி திக்கியது. விலகிவிடலாமா என்று ராத்திரியெல்லாம் நியூயார்க் தெருக்களில் நடந்து யோசித்தார், விலகவில்லை. நாடகம் பெரிய வெற்றி. ‘ஸ’ வராத அதே குரல்தான் 1966-ல் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் கார்ட்டூன் ஒன்றில் கதை சொல்லி, அதன் இசைத்தட்டுக்கு கிராமி விருதும் வாங்கியது. குறையை ஒளித்து வைத்து அவர் நடிக்கவில்லை. அந்தக் குரலோடுதான் நடித்தார், எண்பது வயதில், காலில் இரும்புப் பட்டை மாட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு ‘டார்கெட்ஸ்’ படத்தில் ஒரு நீண்ட கதையை ஒரே டேக்கில் சொல்லி முடித்தார். படப்பிடிப்புக் குழு கைதட்டியது. 1969 பிப்ரவரியில் காலமானார்.

இன்னொன்று, நான் ரொம்பவே மதிக்கிற விஷயம். அந்த ராட்சச வேஷத்தில் ஒரே மூச்சில் 25 மணி நேரம் வேலை வாங்கினார்கள். ஒரு நடிகரைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறிய காட்சி அவர் முதுகைப் பாழாக்கியது. 1933-ல் ஹாலிவுட் நடிகர்கள் சங்கம் தொடங்கியபோது, ஸ்டுடியோக்களின் கோபத்துக்குப் பயப்படாமல் முன்னால் நின்றவர்களில் இவரும் ஒருவர், 9-ஆம் எண் உறுப்பினர். உங்கள் மகனும் வாய்ப்பு தருகிறோம் என்ற பெயரில் யாரும் இலவசமாக வேலை வாங்க விடக் கூடாது. எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. வகுப்புக்குப் போவதாகச் சொல்லி ஏமாற்றியதைக் கண்டியுங்கள், அதில் தயவு வேண்டாம். ஆனால் நாடகத்தை நிறுத்தாதீர்கள். அவன் பி.காம். படித்தவன். ஆடிட்டர் அலுவலகத்திலோ கடையிலோ கணக்கு வேலை பார்த்துக்கொண்டே மாலையில் ஒத்திகைக்குப் போகலாம். கார்லாஃப் லாரி ஓட்டினார், இவன் கணக்கு எழுதட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பெரும்பாலும் பேச்சுப் பயிற்சி தருகிறவர் இருப்பார், அவரிடம் அழைத்துப் போங்கள். இன்னொருவராக நடிக்கும்போது, மனப்பாட வசனம் பேசும்போது பலருக்குத் திக்கல் குறைகிறது. அவனுக்கு மேடை ஏன் பிடிக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 70 நிமிடம்தான் ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து பாருங்கள், கணவரையும் கூப்பிடுங்கள். பிறகு அவன் நாடகம் எந்தத் தேதியில் என்று கேட்டு இரண்டு டிக்கெட் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் கணவருக்கு வர மனமில்லை என்றால் மூத்தவனை அழைத்துக்கொண்டு போங்கள்.