மாமியாரின் ஐஸ்கிரீம் டப்பாக்கள்

அன்புள்ள அக்கா,

வீட்டுச் சிக்கனம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அங்கேதான் தப்பு செய்துவிட்டேன். "பார்த்தியா, எழுதுறவங்களே சொல்றாங்க" என்று அன்று மாலையே குப்பையில் கிடந்த இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களை எடுத்துக் கழுவி வைத்துவிட்டார்.

நாங்கள் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மாமா இறந்த பிறகு அத்தை சுங்கை பட்டாணியிலிருந்து எங்களோடு வந்துவிட்டார். தங்கமான மனுஷி. ஆனால் எதையும் தூக்கிப் போட விடமாட்டார். ஐஸ்கிரீம் டப்பா, தாப்பாவ் (கடையில் கட்டி வாங்குகிற சாப்பாட்டு) டப்பா, ரப்பர் பேண்ட், சில்லி சாஸ் பாக்கெட், பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. பிரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் நெத்திலி. என் மகள் இப்போதெல்லாம் ஏமாறுவதுகூட இல்லை. பொரித்த எண்ணெய் மைலோ டின்னில் வாரக்கணக்கில் இருக்கிறது. என் வீட்டுக்காரர், "மிச்சம் பிடிக்கிறாங்க, விடு" என்கிறார். இவ்வளவு மிச்சம் பிடித்தும் கரண்டு பில் 240 வெள்ளிக்குக் கீழே இறங்கவில்லை.

இது சிக்கனமா, இல்லை வெறுமனே சேர்த்து வைக்கிற பழக்கமா? இன்னொன்று, வாட்ஸ்அப்பில் வருகிற வீட்டுக் குறிப்புகளை நம்பலாமா? பாத்ரூம் கறைக்கு வினிகரையும் குளோராக்ஸையும் கலக்கச் சொல்லி ஒன்று வந்திருக்கிறது.

என் பெயரைப் போட வேண்டாம் அக்கா. இந்த முறை அத்தைக்கு என் மகள் வாசித்துக் காட்டிவிடுவாள்.

ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கலக்காதீர்கள். குளோராக்ஸ் மாதிரி பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதில் வினிகரோ வேறு அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நம் அடுக்குமாடிக் குளியலறைகளில் ஜன்னல் என்று இருப்பது ஒரு சாண். உள்ளே நின்று தேய்க்கிறவருக்குக் கண் எரிந்து நெஞ்சு அடைத்துவிடும். அமோனியா சேர்ந்த கண்ணாடித் துடைப்பானோடும் பிளீச்சைச் சேர்க்கக் கூடாது. அந்தக் குறிப்பை அனுப்பியவருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலக்கும் குறிப்பும் உங்களுக்கு வந்திருக்கும். அதில் ஆபத்து இல்லை, பிரயோஜனமும் இல்லை. பொங்கி நுரைப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஒன்று அமிலம், மற்றது காரம். சேர்த்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு ஏதோ ஒரு உப்புத் தண்ணீர் மிஞ்சும். தனித்தனியாக விட்டால் இரண்டும் உழைக்கும். குளியலறைக் கண்ணாடியில் படிந்த சோப்புப் படலத்துக்கு வினிகர். அடிப்பிடித்த சட்டிக்கு, சோடா போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். அலுமினியச் சட்டிக்கு மட்டும் வேண்டாம், கறுத்துவிடும்.

சரி, அத்தைக்கு வருவோம். சுங்கை பட்டாணி என்று படித்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பாட்டியும் அதே கெடாவில் ரப்பர் தோட்டத்துக்காரிதான். பால்மரம் வெட்டியவர். வெட்டிய கோட்டில் பால் வடிந்து ஓய்ந்ததும் மெல்லிய நாடா மாதிரி மரத்தோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். ஒட்டுப்பால். அடுத்த தடவை வெட்டுமுன் அதை நகத்தால் நெம்பி உரித்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்வார். மங்கில், அதாவது பால் ஏந்தும் கோப்பையில், உறைந்து போனது, சிந்திக் கட்டியானது எல்லாம் தனி. எல்லாவற்றையும் நிறுத்துக் காசு வாங்குவார்கள். காலை இருட்டில் மரம் மரமாகப் போய் அந்த நாடாவை உரித்த கைக்கு ரப்பர் பேண்டைத் தூக்கி எறிய மனசு வருமா? அதுவும் பால்தானே!

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் எந்தப் பொருளும் ஒரே வேலையோடு ஓய்வு பெற்றதில்லை. மண்ணெண்ணெய் டின்னுக்குக் குறுக்கே கட்டை அடித்தால் தண்ணீர் டின். கெட்டிப்பால் டின் அரிசி அளக்கும் படி. இன்றும் என் வீட்டு அரிசிப் பானைக்குள் ஒரு டின்தான் கிடக்கிறது, தலை தட்டி அளந்தால் முந்நூறு கிராம் சொச்சம். கோப்பிக் கடைக்காரர்கள் அதே டின்னில் துளை போட்டுக் கயிறு கோத்து, சுடச்சுடக் கோப்பி ஊற்றிக் கொடுத்த காலத்தை அத்தை பார்த்திருப்பார். இன்றைய தாப்பாவ் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

மாவுச் சாக்கைச் சொல்லாமல் விட முடியாது. பாட்டி அதைக் கத்தரியால் வெட்டி நான் பார்த்ததே இல்லை. சாக்கின் வாய்த் தையல் சங்கிலித் தையல். ஆரம்ப முனையில் இழுத்தால் இறுகிக்கொள்ளும், முடிந்த முனையில் இழுத்தால் சரசரவென்று ஒரே மூச்சில் உருவி வந்துவிடும். பாட்டி சாக்கை மடியில் போட்டு, இரண்டு முனையையும் விரலால் தடவிப் பார்த்து, எச்சில் தொட்டு ஒரு இழையை மட்டும் பிரித்து எடுத்து இழுப்பார். இழுத்த நூலை அப்படியே ஓர் அட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டே வருவார். முடியும்போது துணி ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம், இரண்டிலும் ஒரு வெட்டு இருக்காது. அந்தத் துணியை அந்த நூலாலேயே தைத்து எங்களுக்கு உள்பாவாடை. எத்தனை துவைத்தாலும் ஆலையின் எழுத்து மட்டும் மங்கலாகப் பின்பக்கத்தில் தெரியும். பள்ளிக்கூடத்தில் காற்றடித்தால் கைகளால் பாவாடையை அழுத்திக்கொண்டு நிற்போம். இன்றைய பத்துக் கிலோ அரிசிப் பைகளில் பலவற்றுக்கும் அதே தையல்தான். ஒரு முனையில் வரவில்லையென்றால் மறு முனையில் இழுத்துப் பாருங்கள். முதல் தடவை உருவி வரும்போது ஒரு சந்தோஷம் இருக்கிறது, காசு கொடுத்தாலும் கிடைக்காது.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தச் சாக்கில் இருக்கிறது. பாட்டி எடுத்து வைத்த பொருள் எதுவும் சும்மா கிடக்கவில்லை, அடுத்த வேலை காத்திருந்தது. வருஷத்துக்கு நாலு டின் வரும், நாலுக்கும் வேலை இருக்கும். இன்று வாரத்துக்கு நாலு டப்பா வருகிறது. அத்தையின் பழக்கத்தில் குறையில்லை அம்மா. டப்பா வருகிற வேகத்துக்கு வீட்டில் வேலை உண்டாவதில்லை. வேலை கிடைத்த டப்பா சிக்கனம், வேலை கிடைக்காதது சாமான். சாமானுக்கும் நீங்கள் வாடகை கொடுக்கிறீர்கள், செந்தூல் வாடகை.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் மாடி பால்கனியில் கறிவேப்பிலை, கற்பூரவல்லி, பண்டான் எல்லாம் வைத்திருக்கிறேன். தொட்டிக்கு அடியில் வைக்கத் தட்டு வாங்குவானேன் என்று ஐஸ்கிரீம் டப்பாக்களை வைத்தேன். பதினொரு டப்பா. பெருமையாக வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். ஒருநாள் டெங்கி சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். ஒரு பையன் டார்ச்சை டப்பாவுக்குள் அடித்து, "ஆண்டி, இங்கே பாருங்க" என்றான். பழுப்புத் தண்ணீரில் நூல் துண்டுகள் மாதிரி என்னவோ, வெளிச்சம் பட்டதும் உடம்பை முறுக்கிக்கொண்டு கீழே இறங்கின. கொசுப்புழு. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நான் அந்தத் தண்ணீரை மாதக்கணக்கில் கொட்டியதில்லை. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கு 500 வெள்ளி வரை காம்பவுண்டு, அதாவது அபராதம், போடலாம். அன்று எச்சரிக்கையோடு போனது. பதினொரு தட்டு மிச்சம் பிடிக்கப் போய் 500 வெள்ளியும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் காய்ச்சலும் என் தலையில் விழுந்திருக்கும். அன்றிலிருந்து வெளியே எந்தப் பாத்திரமும் நிமிர்ந்து நிற்கக் கூடாது என்பது என் வீட்டுச் சட்டம்.

உள்ளே வைக்கிற டப்பாவுக்கு இரண்டு கேள்விதான். மூடி இருக்கிறதா? வேலை இருக்கிறதா? மூடி தொலைந்தது அன்றே போகட்டும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் சூடு தாங்கும் ரகம். 1, 6 என்றால் சூடான குழம்பை ஊற்ற வேண்டாம், உலர்ந்த சாமானுக்கு வைத்துக்கொள்ளலாம். பிரீசருக்குப் போகிற டப்பாவில் டேப் ஒட்டி, என்ன இருக்கிறது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். உள்ளே இருப்பது தெரியாமல் மூன்று மாதம் கழித்துக் கொட்டுகிற மீன்தான் உங்கள் வீட்டில் பெரிய நஷ்டமாக இருக்கும். அந்த விலைக்கு டப்பாவோடு புது ஐஸ்கிரீமே வாங்கலாம்.

பைக்குள் பை விஷயத்தில் நான் அத்தை கட்சி. பினாங்கில் 2009-இல் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பை இல்லை என்று தொடங்கி, 2011 முதல் எல்லா நாளும் இல்லை என்றாகிவிட்டது. பை வேண்டுமென்றால் அப்போது 20 காசு. அன்று சிங்குக்கு அடியில் பை மூட்டை வைத்திருந்தவர்களெல்லாம் ஒரே ராத்திரியில் பணக்காரர்களாகிவிட்டோம். குப்பை கட்டத்தான் எப்படியும் பை வேண்டும். அத்தையிடம் மூட்டை எந்த அளவு என்பதை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள்.

எண்ணெயில் அத்தை கட்சி இல்லை. அப்பளம் பொரித்த எண்ணெயை வடிகட்டி மறுநாள் தாளிக்க எடுத்தால் சரி. மீன் பொரித்ததைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால், நிறம் கறுத்து, நுரைத்து, சட்டி காயுமுன்னே புகைய ஆரம்பிக்கும். அதற்கு மேல் அது எண்ணெய் இல்லை. மானிய விலையில் கிலோ பாக்கெட் இரண்டரை வெள்ளிக்குக் கிடைக்கும்போது இதில் மிச்சம் பிடிப்பது என்ன, இருபது காசா, முப்பது காசா? மைலோ டின்னில் ஊற்றுவது மட்டும் நல்ல பழக்கம், ஏனென்றால் சிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பழைய எண்ணெயைக் கிலோ கணக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பயோடீசலுக்குப் போகிறது. டின் நிறைந்ததும் கொடுத்துக் காசை அத்தை கையில் கொடுங்கள். ஒட்டுப்பால் நிறுத்த நாள் ஞாபகத்துக்கு வரும்.

இனி கரண்டு. சார்ஜரைப் பிடுங்கு, டிவி சுவிட்சை அணை என்று வீட்டில் தினம் சண்டை நடக்கும். கணக்குப் பார்ப்போம். அணைக்காத டிவி ஒரு வாட் இழுக்கிறது என்று வையுங்கள், மாதம் முழுக்க முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. ஒரு குதிரைத்திறன் ஏர்கான் கம்ப்ரெசர் ஓடும்போது 800 வாட் பக்கம் இழுக்கும். விட்டு விட்டு ஓடினாலும் ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு நாலைந்து யூனிட், மாதத்துக்கு 120, 150. இரண்டு அறையில் ஓடினால் உங்கள் 240 வெள்ளியின் விலாசம் தெரிந்துவிடும். பில்டரை மாதம் ஒரு முறை கழற்றிக் குழாயடியில் காட்டுங்கள். 18-இல் வைத்துக் கம்பளி போர்த்துவதை விட்டு, 25-இல் வைத்து மின்விசிறியைச் சுழல விடுங்கள். 2025 ஜூலையில் கட்டண முறை மாறிய பிறகு, மாதம் 1000 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்குக் கழிவு உண்டு. எவ்வளவு குறைவாக எரிக்கிறீர்களோ அவ்வளவுக்கு யூனிட்டுக்குக் கழிவு கூடும். பில்லில் அந்தக் கழிவைத் தேடிப் பாருங்கள்.

கேஸுக்குச் சுருக்கமாக: கடலை, பயறு எதுவானாலும் ராத்திரியே ஊறப்போட்டு குக்கரில் வையுங்கள். 14 கிலோ உருளை கட்டுப்பாட்டு விலையில் 26 வெள்ளி 60 காசு, தூக்கிக்கொண்டு வருகிறவர் கூலி தனி. அது இன்னும் பல நாள் நிற்கும்.

அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் நிறைய இருக்கும். அரிசி கழுவிய தண்ணீரில் எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் அலசி எடுத்தால் சோப்பு பாதி போதும். மிச்சத் தண்ணீர் அன்றே செடிக்கு, மறுநாள் வைத்தால் நாறும். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை சட்டி தேய்க்க. நெத்திலித் தலையைக் கிள்ளி எறியாமல் வறுத்துப் பொடித்தால் ரசத்துக்கும் கீரைக்கும் ஒரு கரண்டி போதும், வாசம் அடுத்த வீட்டுக்குப் போகும். டீத்தூள் செடிக்குப் போடுவதென்றால் பால், சர்க்கரை சேருமுன் வடித்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எறும்புக்குத்தான் விருந்து.

டப்பாக்களை அத்தைக்குத் தெரியாமல் தூக்கிப் போடாதீர்கள். என் மருமகள் ஒருமுறை செய்தாள். நான் கீழே போய்க் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து வந்தேன், அதற்குப் பிறகு இரண்டு மடங்கு சேர்த்தேன். அடுக்களையில் ஓர் அலமாரித் தட்டை அவருக்கென்று விடுங்கள். அதில் எது இருக்கலாம், எது போகலாம் என்பது அவர் முடிவு, தட்டு வழிந்தால் மட்டும் நீங்கள் பேசலாம். பழைய பேப்பர் லாரி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வரும் நாளில் பேரம் பேச அவரையே அனுப்புங்கள். நீங்கள் போனால் ஏமாந்துவிடுவீர்கள்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: குளிர்சாதனப் பெட்டியை மறந்துவிட்டேன். கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் அதுவும் ராப்பகலாகக் கரண்டு குடிக்கும். கதவிடுக்கில் ஒரு நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், லேசாக வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டு பிளாஸ்டிக், வழுக்கும். காகிதத்தில் இருக்கிற பத்து வெள்ளி நோட்டை வையுங்கள். வைப்பதை அத்தை பார்க்க வேண்டாம், எடுத்து வைத்துவிடுவார்.