டிப்ஸ் கட்டியாச்சுல்ல, அப்புறம் ரூமை நாம எதுக்கு எடுத்து வைக்கணும்? – வாசகர் கடிதமும் பதிலும்

அக்கா வணக்கம்,

உங்க பயணக் கட்டுரை எல்லாம் ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதினதுதான் இல்ல. இப்ப வீட்டுல ஒரு பஞ்சாயத்து, அதான் எழுதுறேன்.

ஸ்கூல் லீவுல சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல பினாங்கு, ஃபுக்கெட் போயிட்டு வந்தோம். நான், மனைவி, பையன், அம்மா ஒரு ரூம். அண்ணன், அண்ணி, ரெண்டு பொண்ணுங்க பக்கத்து ரூம். எங்க அம்மா காலைல அஞ்சரைக்கே எழுந்து பெட்ஷீட்டை உருவி மடிச்சு வச்சு, பாத்ரூமை டவலாலயே துடைச்சு, குப்பையைக் கூட பையில கட்டி வாசல்ல வச்சிடுவாங்க. கேட்டா "வர்ற பையன் நம்மளப் பத்தி என்ன நினைப்பான்"னு சொல்றாங்க. அண்ணன் ரூம் இதுக்கு நேர்மாறு. பெட்டி ரெண்டும் தரையில திறந்து கிடக்கும், கட்டில் மேல பொம்மை, சார்ஜர், ஈர நீச்சல் டிரெஸ், பாதி தின்ன மிக்சர் பாக்கெட். ரெண்டாவது நாள் ஸ்டூவர்ட், அதாவது ரூமைச் சுத்தம் பண்ற ஆள், உள்ள வந்து பாத்துட்டு, டவலை மட்டும் மாத்தி வச்சிட்டு, "சாமான்களை எடுத்து வச்சீங்கன்னா வந்து சுத்தம் பண்ணித் தர்றேன்"னு ஒரு சீட்டு எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. அண்ணனுக்கு வந்துச்சே கோவம், காரிடார்லயே நின்னு கத்திட்டாரு. "டிப்ஸ்னு தினமும் பில்லுலயே பிடிக்கிறான், எடுத்து வைக்கிறது அவன் வேலை"ன்னாரு. கடைசி நாள் கவுன்டர்ல போய் டிப்ஸையே எடுக்கச் சொல்லப் போனாரு, அண்ணி தடுத்துட்டாங்க. இப்ப கம்பெனில இருந்து ஃபீட்பேக் மெயில் வந்திருக்கு, ரூம் சர்வீஸுக்கு மோசம்னு போடப்போறேன்னு நிக்கிறாரு. அம்மா பண்ணினது சரியா, அண்ணன் பண்ணினது சரியா? நீங்க சொன்னா கேப்பாரு.

– சிங்கப்பூரில் இருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அண்ணன் பண்ணினது தப்பு. அம்மா பண்ணினது தப்பு இல்ல, ஆனா தேவையில்லாத வேலை. ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் குழப்பிக்கிட்டாங்க, அழுக்கு வேற, சாமான் வேற. அழுக்கு ஸ்டூவர்ட் பொறுப்பு, அதுக்குத்தான் அவரு இருக்காரு. சாமான் நம்ம பொறுப்பு. அம்மா அவரோட வேலையைப் பிடுங்கி செஞ்சாங்க, அண்ணன் தன்னோட சாமானை அவரு தலையில போட்டாரு.

எங்க ஊர்ப் பக்கம், நாகர்கோவில்காரப் பையன் ஒருத்தன் சில வருஷம் கப்பல்ல ஸ்டூவர்டா இருந்தான், இப்ப ஊர்ல செட்டிலாயிட்டான். அவன்கிட்ட உக்காந்து கேட்டா மணிக்கணக்கா சொல்லுவான். அவன் பொறுப்புல பதினெட்டு ரூம். காலைல எட்டரைக்கு ஜனங்க சாப்பிடப் போக ஆரம்பிப்பாங்க, மத்தியானம் ஒரு மணிக்குள்ள முடிக்கணும், கணக்குப் போட்டா ஒரு ரூமுக்குப் பதினஞ்சு நிமிஷம். அதுக்குள்ள பெட், பாத்ரூம், டவல், குப்பை, தரை, கண்ணாடி எல்லாம். அதுவும் பதினெட்டும் வரிசையா காலியா இருக்காது, ஒருத்தர் தூங்குவாரு, ஒருத்தர் கதவுல தொந்தரவு வேண்டாம்னு மாட்டியிருப்பாரு, அதனால காரிடார்ல முன்னயும் பின்னயும் வண்டியைத் தள்ளிக்கிட்டே ஓடணும். ஜனங்க இறங்கி புது ஜனங்க ஏர்ற நாள் இன்னும் மோசம், காலைல ஒம்போது மணிவாக்குல கடைசி ஆள் போவாங்க, மத்தியானம் ஒரு மணி ஒன்றரைக்கெல்லாம் பதினெட்டு ரூமும் யாருமே தங்காத மாதிரி இருக்கணும்.

ஒப்பந்தம்னா ஆறு மாசம், எட்டு மாசம், ஒம்போது மாசம்கூட இருக்கும், அதுல ஞாயித்துக்கிழமை லீவுன்னு ஒண்ணு கிடையாது. ஐ.எல்.ஓ.ங்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்போட 2006 கடல் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட்ல இருந்து நடைமுறையில இருக்கு, இந்தியாவும் 2015ல அதை ஏத்துக்கிச்சு. அந்த நல்ல சட்டமே என்ன சொல்லுதுன்னா 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேரம் ஓய்வு, இல்லாட்டி வேலை 14 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாதுன்னு. தொழிலாளியைக் காப்பாத்தப் போட்ட கோடே அவ்வளவு தூரத்துல இருக்கு. இதுக்கு மேல 2023 வாக்குல சில பெரிய கம்பெனிங்க சாதா ரூமுக்கு காலையும் சாயந்தரமும் பண்ணிக்கிட்டிருந்த சுத்தத்தை ஒரு நாளைக்கு ஒரு தடவையா குறைச்சாங்க. வேலை குறைஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க, ஒரு ஆளுக்கு ரூம் கூடும், ரெண்டு வேளை அழுக்கும் ஒரே வேளைல வந்து நிக்கும்.

இப்ப அந்த சீட்டு விஷயத்துக்கு வர்றேன். அந்த ஸ்டூவர்ட் சோம்பேறித்தனத்துல எழுதல தம்பி. பயணிங்க பொருளைத் தொட அவங்களுக்குப் பயம், அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு. நான் சொன்ன பையனோட ரூம் ஒண்ணுல ஒரு அம்மா ஜிமிக்கியைக் கழட்டி டிஷ்யூ பேப்பர்ல சுருட்டி மேசை மேல வச்சிருக்காங்க. சுத்தி முழுக்க சாக்லேட் பேப்பர், ஆரஞ்சுத் தோல், பில்லுங்க. சாயந்தரம் ஜிமிக்கியைக் காணோம். செக்யூரிட்டி வந்து இவனைக் கூப்பிட்டு வச்சு, எத்தனை மணிக்கு உள்ள போனே, எதைத் தொட்டே, குப்பையை எங்க கொட்டினேன்னு எழுதி வாங்கியிருக்காங்க. கப்பல் குப்பையைக் கடல்ல கொட்ட முடியாது, கீழ ஒரு அறையில தரம் பிரிச்சு வைப்பாங்க, இவன் டியூட்டி முடிஞ்சு ராத்திரி அங்க போய் உக்காந்து தன் செக்‌ஷன் பையை எல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத் தேடியிருக்கான். மூணாவது நாள் அந்த அம்மாவோட மேக்கப் பையிலயே இருந்துச்சு ஜிமிக்கி. அவங்க ரிசப்ஷனுக்குப் போன் பண்ணி கிடைச்சிடுச்சுன்னு சொன்னாங்க, அவ்வளவுதான், இவன்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. திருடன்னு பேர் வந்தா வேலை போயிடும், அடுத்த ஒப்பந்தம் எங்கயும் கிடைக்காது, அந்த மூணு நாள் அவன் எப்படி இருந்திருப்பான்னு நினைச்சுப் பாருங்க. அப்படிப்பட்டவங்க உங்க அண்ணன் கட்டில்ல கிடக்கிற சார்ஜரையும் ஈரத் துணியையும் எடுத்து ஓரமா வைப்பாங்களா? வைக்க மாட்டாங்க. வைக்கவும் கூடாது.

அதனால நாம செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கட்டில் மேல ஒண்ணும் இருக்கக்கூடாது, தரை காலியா இருக்கணும், வாஷ்பேசின் ஓரம் காலியா இருக்கணும். கப்பல் கட்டில் உயரமாத்தான் இருக்கும், காலிப் பெட்டி அடியில போயிடும். சுவரு பெரும்பாலும் இரும்புத் தகடு, ரெண்டு காந்தக் கொக்கி வாங்கிட்டுப் போனா தொப்பி, பை எல்லாம் மாட்டிடலாம். நகை, பாஸ்போர்ட், பணம் லாக்கர்ல. இதுக்கு மொத்தமா அஞ்சு நிமிஷம் ஆகும், பொண்ணுங்களே செய்வாங்க.

அம்மாகிட்ட அன்பா சொல்லுங்க, பெட்ஷீட்டை மடிச்சு வச்சா அவரு அதைத் திரும்பப் பிரிச்சுத்தான் போடணும், டவலால பாத்ரூம் துடைச்சாலும் அவரு மருந்து போட்டு மறுபடி துடைச்சே ஆகணும், அது அவங்க விதி. குப்பைப் பையை வாசல்ல வச்சா போற வர்றவங்க காலுல இடறும். அம்மாவுக்கு உதவணும்னு ஆசைன்னா அழுக்கு டவலை எல்லாம் பாத்ரூம்ல ஒரே இடத்துல போடச் சொல்லுங்க, கப்பு தட்டு எல்லாத்தையும் ஒரு மூலைல சேத்து வைக்கச் சொல்லுங்க, "நாங்க பத்து மணிக்கு வெளிய போயிடுவோம்"னு காலைல ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. இந்தக் கடைசி விஷயம் ஒரு ஸ்டூவர்டுக்கு எவ்வளவு பெரிய உதவின்னு அந்தப் பையன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆனா நீங்க எழுதாத ஒண்ணுதான் எனக்கு முக்கியமாப் படுது. அலங்கோலமா கிடக்கிறதால அவருக்கு நேரம்தான் போகும், சில விஷயத்தால உடம்பே போயிடும். நம்ம வீடுகள்ல சுகர் இல்லாத குடும்பம் கம்மி. இன்சுலின் ஊசி, விரல்ல குத்துற சின்ன ஊசி, ஷேவிங் பிளேடு, இதையெல்லாம் டிஷ்யூல சுருட்டிக் குப்பைக்கூடைல போட்டுடறோம். அவரு பையை இழுத்துக் கட்டும்போது கையில ஏறிடும். அதுக்கப்புறம் ரத்தப் பரிசோதனை, மாத்திரை, ரிசல்ட் வர்ற வரைக்கும் மனக்கலக்கம், அதுவும் வீட்டை விட்டு அவ்வளவு தூரத்துல. ஸ்டூவர்ட்கிட்டயோ ரிசப்ஷன்லயோ ஊசி போடுற டப்பா வேணும்னு கேளுங்க, கொண்டாந்து குடுப்பாங்க, காசு கேக்க மாட்டாங்க. அம்மா ஊசி போட்டுக்கிறவங்கன்னா இதை மட்டும் மறக்கவே கூடாது.

அடுத்தது வாந்தி. பையன் வாந்தி எடுத்தா டவலால துடைச்சு மூலைல சுருட்டிப் போட்டுட்டு வெளிய போயிடறது, யாருக்கும் சொல்றதில்ல, சொன்னா ரூமை விட்டு வெளிய விடமாட்டாங்கன்னு பயம். கடல் மயக்கமா இருக்கலாம், வாந்தி பேதியைப் பரப்புற நோரோவைரஸாவும் இருக்கலாம், பாத்துத் தெரியாது. நோரோவைரஸ்னா அந்த டவலை எடுத்த கை அடுத்தடுத்து பதினேழு ரூமுக்குப் போகுது. அமெரிக்கத் துறைமுகம் தொடுற கப்பல்ல 100க்கு 3 பேருக்கு இந்த வாந்தி பேதி வந்துட்டாலே சி.டி.சி.ங்கிற அமெரிக்க அரசு நோய்த் தடுப்பு அமைப்பு அந்தக் கப்பல் பேரைப் போட்டு வெளியிட்டுடும், அவ்வளவு வேகமா பரவுற நோய். போன் எடுத்து ரிசப்ஷனுக்குச் சொல்லுங்க, அதுக்குன்னு தனி மருந்து, கையுறையோட ஆள் வருவாங்க. கை கழுவறதுக்கும் சானிடைசர் இந்த வைரஸ்கிட்ட சரியா எடுபடாது, சோப்பு தண்ணிதான்.

டாய்லெட்டும் அப்படித்தான். கப்பல்ல காத்து உறிஞ்சி இழுக்கிற டாய்லெட், குழாய் சின்னது. ஈர வைப்ஸ், நாப்கின், சாப்பாடு உள்ள போனா உங்க ரூம் மட்டும் இல்ல, பக்கத்து ரூமுங்களும் சேந்து அடைக்கும். பைப் இல்லையேன்னு நாம பாட்டில் தண்ணி வச்சுக்கிறோம், அதுல தப்பே இல்ல, ஆனா தரை நனைஞ்சா ஒரு பழைய டவலைப் போட்டு ஈரத்தை எடுத்துடுங்க, ஷவர் திரையை உள்பக்கமா விட்டுக் குளிங்க. எண்ணெய், குங்குமம், மருதாணி தலையணையில ஒட்டிடுச்சுன்னா, மாசக் கறை பட்டுடுச்சுன்னா கூச்சப்பட்டு ஒளிச்சு வைக்க வேண்டாம், மேலாப்புல வச்சு மாத்திக் குடுங்கன்னு கேட்டாப் போதும், அதெல்லாம் அவங்க தினம் பாக்கிறதுதான். ஊதுபத்தி, சூடம் மட்டும் எந்தக் காரணத்துக்கும் ரூம்ல கொளுத்தக்கூடாதுன்னு அம்மாகிட்ட சொல்லி வைங்க, நடுக்கடல்ல தீ மாதிரி பயம் வேற கிடையாது.

இப்ப அண்ணனுக்கு. டிப்ஸ்னு அவரு சொல்ற காசு பெரிய அமெரிக்கக் கம்பெனிங்கள்ல சாதா ரூமுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 16ல இருந்து 20 டாலர் வரைக்கும் போகுது. பல கம்பெனில அது ஸ்டூவர்ட் ஒருத்தர் கைக்கு முழுசா போறதில்ல, சாப்பாடு பரிமாறினவங்க, முகம்கூட தெரியாத பின்பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் பிரியும். அதை எடுக்கச் சொன்னா அவங்க எல்லார் சம்பளத்துலயும்தான் கை வைக்கிறோம். அண்ணி தடுத்தது ரொம்ப நல்லது.

அந்தக் கத்தல்தான் என் மனசுல நிக்குது. காசு கொடுத்தா வேலை வாங்கலாம், சரி. காரிடார்ல நாலு பேர் முன்னாடி கத்துற உரிமை அந்தக் காசுல சேராது. கூட்டுற ஆள்னா ஒரு படி கீழன்னு நம்ம ஊர்ல தலைமுறை தலைமுறையா ஊட்டி வளத்திருக்காங்க, கக்கூஸ் கழுவ வர்றவங்களைக் கொல்லைப்பக்கமா வரச் சொன்ன வீடுங்கதான் நாமெல்லாம். மனுஷன் கையால மலம் அள்ள வைக்கிறதைத் தடுக்க 2013ல மறுபடியும் ஒரு புது சட்டம் போட வேண்டியிருந்த நாடு இது. சிங்கப்பூர்ல வேலை பாத்தாலும், கப்பல்ல ஏறினாலும் அந்தப் புத்தி கூடவே ஏறி வருது, பொண்ணுங்க ரெண்டும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்கும். ஸ்டூவர்ட் சட்டைல பேர் எழுதியிருக்கும், பல கப்பல்ல அதுக்குக் கீழ அவங்க நாட்டோட பேரும் இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டு குட்மார்னிங் சொல்றதை அந்தப் பொண்ணுங்க நம்மகிட்ட இருந்துதான் கத்துக்கணும்.

அந்த மெயிலுக்கு அண்ணன் பதில் போடட்டும், போடாம விடறதை விட நல்லது. ஆனா நடந்ததை நடந்தபடி போடணும், சாமான் கிடந்துச்சு, சீட்டு வச்சாரு, எடுத்து வச்சதுக்கப்புறம் வந்து பண்ணினாரான்னு சேத்து எழுதச் சொல்லுங்க. நீங்களும் உங்க ரூமுக்குத் தனியா போடுங்க. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ரூம், அனேகமா ஒரே ஸ்டூவர்ட்தான். பேர் ஞாபகம் இருந்தா பேரோட எழுதுங்க, பேரோட வர்ற பாராட்டு அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அவங்களுக்கு உதவும்னு அந்தப் பையன் சொல்லியிருக்கான். பேர் மறந்துடுச்சுன்னா ரூம் நம்பரும் தேதியும் போட்டாலே கண்டுபிடிச்சிடுவாங்க. அந்த மாதிரி லிங்க் ரொம்ப நாள் திறந்திருக்காது, இன்னைக்கே பண்ணிடுங்க.

அன்புடன்,
அக்கா