மீதமாகும் மணி நேரத்தைச் சேர்த்து வைக்க முடியுமா?

கிளவுட் செலவு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பனியன் கம்பெனிகளுக்கு நூல், கட்டிங், டெலிவரி கணக்குப் பார்க்கும் சாஃப்ட்வேர் நடத்துகிறோம்ங்க. சர்வர் எல்லாம் அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.ஸில், மும்பையில். மாதம் நாலு லட்சம் பில் வருகிறது. மூணு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 72 சதம் மிச்சம் என்று ஒருவர் சொல்கிறார். கட்டிவிடலாமா?
– வாசகி, திருப்பூர்

இந்த மாதம் கட்டாதீங்க. முதலில் அந்த 72 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஏ.டபிள்யூ.எஸ். சொல்வது '72 சதம் வரை'. சேவிங்ஸ் பிளான் என்பது, ஒன்று அல்லது மூன்று வருஷத்துக்கு மணிக்கு இத்தனை டாலர் கட்டுவதாக ஒப்புக்கொண்டு (இதுதான் கமிட்மெண்ட்) தள்ளுபடி வாங்குவது. அதில் ஈ.சி.2 (வாடகை சர்வர்) இன்ஸ்டன்ஸ் சேவிங்ஸ் பிளானில், ஒரே ரீஜன் (சர்வர் இருக்கும் வட்டாரம்), ஒரே மெஷின் குடும்பம் என்று ஒப்புக்கொண்டால் போகக்கூடிய உச்சம் அது. எந்த ரீஜனில் எந்த மெஷினை ஓட்டினாலும் பொருந்துகிற கம்ப்யூட் சேவிங்ஸ் பிளானில் உச்சம் 66. ஒரு வருஷத்துக்கு, முன்பணம் இல்லாமல் எடுத்தால் தள்ளுபடி இதைவிட நன்றாகவே குறையும். அதோடு இந்தத் தள்ளுபடி மெஷின் வாடகைக்கு மட்டும்தான். டிஸ்க், பேக்கப், வெளியே போகிற டேட்டா இதற்கெல்லாம் கிடையாது. டேட்டாபேஸை ஆர்.டி.எஸ். என்ற அவர்களுடைய டேட்டாபேஸ் சேவையில் வைத்திருந்தால் அதையும் கம்ப்யூட் பிளான் தொடாது, தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். நாலு லட்சத்தில் மெஷின் வாடகை எவ்வளவு என்று பிரித்து எழுதிவிட்டு அப்புறம் அந்த நபரிடம் பேசுங்கள்.

இனி முக்கியமான கணக்கு. ஒரு மெஷினுக்கு ஆன்-டிமாண்ட் (ஒப்பந்தம் இல்லாமல், ஓடிய நேரத்துக்கு மட்டும் கட்டுகிற) வாடகை மணிக்கு 10 ரூபாய், தள்ளுபடி 28 சதம் என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடி போக 7 ரூபாய் 20 காசு. வாரத்துக்கு 168 மணி நேரம். கமிட்மெண்ட் போட்டுவிட்டால், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாரம் 1,209 ரூபாய் 60 காசு போகும். அதே பணத்துக்கு, எந்த ஒப்பந்தமும் இல்லாமல் ஏறக்குறைய 121 மணி நேரம் ஓட்டலாம். அதாவது வாரத்தில் 121 மணிக்கு மேல் ஓடுகிற மெஷினுக்குத்தான் இந்தக் கமிட்மெண்ட் லாபம்.

உங்கள் வாடிக்கையாளர்கள் யார்? காலை எட்டரைக்கு ஆரம்பித்து ராத்திரி எட்டரைக்கு முடிக்கிற கம்பெனிகள். ஞாயிறு லீவு. வாரத்துக்கு 72 மணி நேரம். பகலில் மட்டும் தேவைப்படுகிற மெஷினை ராத்திரியும் ஞாயிறும் நிறுத்தி வைத்தால், ஆன்-டிமாண்டிலேயே வாரம் 720 ரூபாயோடு முடிந்துவிடும். அதற்குப் போய் 1,209 ரூபாய் கமிட்மெண்ட் எதற்குங்க? ராத்திரி இரண்டு மணிக்கும் நிற்காமல் ஓட வேண்டிய மெஷின்கள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். கமிட்மெண்ட் அவற்றுக்கு மட்டும்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2019 நவம்பரில்தான் ஏ.டபிள்யூ.எஸ். சேவிங்ஸ் பிளானைக் கொண்டுவந்தது. அடுத்த பிப்ரவரியில் ஒரு வாடிக்கையாளருக்கு நானே கணக்குப் போட்டு வாங்கிக் கொடுத்தேன். கடைசி 30 நாள் உபயோகத்தை மட்டும் பார்த்தேன். அது ஆர்டர் குவிந்திருந்த நேரம். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து ஊரே நின்றது. சர்வர்களில் பாதிக்கு மேல் நிறுத்தினோம், கமிட்மெண்ட் மட்டும் மணிக்கு மணி ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முதலாளி கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, மெஷின் நின்னா கரண்டு பில்லாவது கொறையும். இது கொறையாதுங்களா?" அவர் திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அன்றிலிருந்து, ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் செலவு பார்க்கும் கருவியான காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் 7, 30, 60 நாள் கணக்கில் தருகிற பரிந்துரையை மட்டும் நம்பி நான் எதுவும் வாங்குவதில்லை. முந்தைய ஒரு வருஷ பில்லில் மிகவும் மந்தமான மாதத்தை எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

எங்கள் மில்லுக்குச் சொந்தக் காற்றாலை இருக்கிறது. சீசனில் மீதமாகும் யூனிட்டை வாரியத்தில் பேங்கிங் போட்டு அப்புறம் கழித்துக்கொள்கிறோம். அதே மாதிரி, ஞாயிற்றுக்கிழமை பயன்படுத்தாத கமிட்மெண்டைத் திங்கட்கிழமை எடுத்துக்கொள்ள முடியுமா?
– வாசகர், பல்லடம்

முடியாதுங்க. நம் பக்கத்து ஆளுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். கேட்டதும் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பலரும் இது மாதக் கணக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சேவிங்ஸ் பிளானில் நீங்கள் ஒப்புக்கொள்வது மணிக்கு இத்தனை டாலர் என்று. மணிக்கு 1 டாலர் என்றால் வருஷத்துக்கு 8,760 டாலர். ஒரு மணி நேரத்தில் 60 சென்ட்டுக்குத்தான் வேலை இருந்தது என்றால் மீதி 40 சென்ட் அந்த மணியோடு போயிற்று. அடுத்த மணியில் ஒன்றரை டாலருக்கு வேலை வந்தாலும் போன 40 சென்ட் திரும்பி வராது. ஒரு டாலருக்கு மேல் உள்ள வேலைக்கு ஆன்-டிமாண்ட் விலைதான்.

இதற்குக் காற்றாலையைவிட பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால்தான் சரியான உவமை. எங்கள் தோட்டம் உடுமலைப் பக்கம். மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டால் எங்கள் மடைக்கு முறை பெரும்பாலும் நடு ராத்திரியில்தான் வரும். அப்பா டார்ச்சைக் கையில் கொடுத்து என்னைக் கரையில் உட்கார வைப்பார். கீழ்மடைக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார், கையில் வாட்ச் இருக்கும். எங்கள் நேரம் முடிந்த நிமிஷம் மடையை அடைத்துத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். பாத்தி கட்டி வைக்காமல் இருந்தது எங்கள் தப்பு, அதற்காக யாரும் இன்னொரு மணி நேரம் தர மாட்டார்கள். கிளவுட் கமிட்மெண்டும் முறைத் தண்ணீர்தான். வருகிற நேரத்தில் அதைக் குடிக்க வயல் இருக்க வேண்டும்.

உங்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட ஏ.டபிள்யூ.எஸ். அக்கவுண்ட் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே ஆர்கனைசேஷனின் (பில் ஒன்றாக வரும் குழுவின்) கீழ் கொண்டுவாருங்கள். ஒரு அக்கவுண்டில் மீதமாவது அதே மணி நேரத்தில் இன்னொன்றுக்குத் தானாகவே பாயும். மில் அக்கவுண்ட் ராத்திரி தூங்கும்போது, மாதாந்திர ரிப்போர்ட் போடுகிற வேலையை அந்த நேரத்துக்குத் தள்ளி வைக்கலாம்.

மூன்று மாதம் முன்பு ஈ.சி.2 இன்ஸ்டன்ஸ் சேவிங்ஸ் பிளான் ஒரு வருஷத்துக்கு எடுத்தோம். இப்போது டெவலப்பர்கள் கிராவிட்டான் (ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் சொந்த பிராசஸர் உள்ள) மெஷினுக்கு மாறச் சொல்கிறார்கள். திருப்பிக் கொடுக்க வழி உண்டா?
– வாசகர், சரவணம்பட்டி, கோவை

மூன்று மாதம் ஆகிவிட்டதால் வழி இல்லை. மணிக்கு 100 டாலருக்கு மிகாத கமிட்மெண்டை வாங்கிய 7 நாளுக்குள், அதுவும் அதே காலண்டர் மாதத்துக்குள் மட்டுமே திருப்பிக் கொடுக்கலாம். 30-ஆம் தேதி வாங்கினால் உங்களுக்கு ஏழு நாள் கிடைக்காது. அதனால் எப்போது வாங்கினாலும் மாத முதல் வாரத்தில் வாங்குங்கள்.

இப்போது செய்யக்கூடியது: அதே குடும்பத்துக்குள் சைஸை மாற்றலாம், தள்ளுபடி போகாது. பழைய குடும்பத்தில் கமிட்மெண்ட் அளவுக்கு மெஷின்களை அப்படியே ஓடவிடுங்கள். அதற்கு மேல் இருப்பவற்றை மட்டும் கிராவிட்டானுக்கு மாற்றுங்கள். மீதி ஒன்பது மாதத்தில் சோதனை எல்லாம் முடிந்துவிடும். அடுத்த தடவை கம்ப்யூட் பிளானாக எடுங்கள். தள்ளுபடி கொஞ்சம் குறைவுதான், ஆனால் டெவலப்பர்களுடைய கையைக் கட்டாது.

எங்கள் பில் மாதம் 18,000 ரூபாய்தான். இதற்கும் கமிட்மெண்ட் தேவையா?
– வாசகி, பொள்ளாச்சி

முதலில் குப்பையைக் கூட்டுங்கள். எந்த மெஷினிலும் மாட்டாமல் கிடக்கிற டிஸ்க், பழைய ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்), டெஸ்டுக்கு ஆரம்பித்து மறந்துபோன சர்வர் எல்லாம் இருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பப்ளிக் ஐ.பி.வி4 முகவரிக்கும் (வெளி இணையத்திலிருந்து சர்வரை அடைகிற எண்) மணிக்கு 0.005 டாலர் கட்டணம் உண்டு. மாதம் ஒன்றுக்கு 3.65 டாலர். பத்து முகவரி இருந்தால் கூட்டிப் பாருங்கள். ஜி.பி.2 என்ற பழைய வகை டிஸ்க்கைப் புது வகையான ஜி.பி.3-க்கு மாற்றினால் ஒரு கிகாபைட்டுக்கு 20 சதம் வரை குறைகிறது, சர்வரை நிறுத்தவும் வேண்டாம். இதையெல்லாம் முடித்து இரண்டு மாத பில் வந்த பிறகு, மிச்சம் ஓடுவதற்கு முன்பணம் இல்லாத ஒரு வருஷ பிளான் எடுங்கள். கூட்டுவதற்கு முன்னால் எடுத்தால் குப்பைக்கும் சேர்த்து ஒரு வருஷ வாடகை பேசியதாகிவிடும்.

முழு முன்பணம் கட்டினால் கணக்கில் எப்படிக் காட்டுவது?
– வாசகர், ஈரோடு

முன்கூட்டிச் செலுத்திய செலவாக வைத்து, மூன்று வருஷம் என்றால் 36-இல் ஒரு பங்கை மாதாமாதம் செலவில் எடுங்கள். முன்பணத்தோடு 18 சத ஜி.எஸ்.டி.யும் அன்றைக்கே போகும் என்பதை மறக்க வேண்டாம். விலை டாலரில் என்பதால், முழுதாகக் கட்டினால் அன்றைய மாற்று விலை நிலைத்துவிடும். மாதாமாதம் கட்டினால் ரூபாய் சரியும்போது பில்லும் ஏறும். மற்றபடி, வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) வட்டி கட்டிக்கொண்டு முன்பணம் போடாதீர்கள். முன்பணம் இல்லாத பிளானுக்கும் முழு முன்பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் வட்டியோடு வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் வட்டி தின்றுவிடும்.

ஒரு வருஷம் முடிந்ததும் சர்வர் நின்றுவிடுமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

நிற்காது. மறுநிமிஷமே ஆன்-டிமாண்ட் விலைக்குப் போய்விடும், அடுத்த பில் வரும்வரை யாருக்கும் தெரியாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. அதனால் மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். தேவையில் கால் பங்கை இப்போது, மூன்று மாதம் கழித்து இன்னொரு கால் பங்கு என்று நாலு தவணையாக வாங்கினால், எந்த மாதத்திலும் கால் பங்குக்கு மேல் காலாவதியாகாது, தொழில் மந்தமானால் அந்தக் கால் பங்கை விட்டுவிடவும் செய்யலாம். முடியும் தேதிக்கு அடுத்த பிளானை முன்கூட்டியே வரிசையில் போட்டு வைக்கும் வசதியும் உண்டு. தேதியை மட்டும் உங்களோடு சேர்த்து கணக்குப் பிரிவிலும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.