அத்தைக்கு ஏன் டிக்கெட் எடுக்கவில்லை?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். மகளுக்கு நாலு வயது. அரையாண்டு விடுமுறையில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். சிறுவர்களுக்கென்றே தனிக் கட்டடம் இருக்கிறதே, பிள்ளைகள் நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டும் என்று ஆசையாகக் கூட்டிப்போனேன். மகன் எதையும் நின்று பார்க்கவில்லை. ஒரு பெரிய பானையைப் பார்த்ததும் "ஆச்சிகிட்ட சொல்லிட்டு வரேன்" என்று வெளியே ஓடிவிட்டான். இப்படி மூன்று முறை. (என் மாமியாரும் வந்திருந்தார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமம், படிக்காதவர். மூட்டு வலி வேறு. உள்ளே வந்தாலும் ஒன்றும் புரியப்போவதில்லை என்று அவருக்கு டிக்கெட் எடுக்கவில்லை. பைகளைப் பார்த்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.) வீட்டுக்கு வந்து, பார்த்ததைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னேன். மூன்று வரிக்கு மேல் வரவில்லை. அதே வாரம் போய்வந்த என் தோழியின் மகள் எல்லாவற்றையும் கடகடவென்று சொல்கிறாள், வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். என் மகனுக்குக் கவனக் குறைபாடு இருக்குமோ? டாக்டரிடம் காட்டலாமா? இவ்வளவு சின்னப் பிள்ளைகளை இப்படிப்பட்ட இடங்களுக்குக் கூட்டிப்போவதில் பயன் உண்டா?

— பெயர் வேண்டாம், மடிப்பாக்கம்

பதில்: ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும் இந்தக் கடிதம் எனக்கு வந்துவிடும். ஊரும் பிள்ளையின் வயதும்தான் மாறும். ஒரு வருடம் கோளரங்கம், ஒரு வருடம் முதலைப் பண்ணை. "என் பிள்ளை சரியாகப் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்த்தது" என்பதுதான் எல்லாக் கடிதத்திலும் சாரம். அதற்கு நான் என்ன சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்பதும் தெரியும். அதை இன்றைக்குச் சொல்வதாக இல்லை.

அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிப் பேசுவோம்.

மகன் ஓடினான், மகன் எழுதவில்லை, தோழியின் மகள் பேசுகிறாள் என்பதெல்லாம் வெளியே இருக்கிறது. மாமியார் மட்டும் அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கிறார், அங்கே மரத்தடியில் உட்கார்ந்திருந்த மாதிரியே. மூட்டு வலி இருக்கிறது, சரி. அந்த வலியை அவர் சொன்னாரா, நீங்களாகச் சொன்னீர்களா? "ஒன்றும் புரியப்போவதில்லை" என்பது நிச்சயமாக அவர் வாயிலிருந்து வந்திருக்காது. மடிப்பாக்கத்திலிருந்து எழும்பூர் வரைக்கும் பயணம் செய்து வர முடிந்தவருக்கு, கட்டடத்துக்குள் பத்தடி நடக்க முடியாது என்று யார் முடிவு செய்தது? அந்த டிக்கெட் விலையில் ஒரு நல்ல ஐஸ்கிரீம் கூட வராது. பணம் மிச்சம் பிடிக்கவில்லை நீங்கள், எனக்குத் தெரியும். இவருக்கு இது வீண் என்று நினைத்தீர்கள். பணத்துக்காகச் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. "போனோம்" என்று எழுதியிருப்பதால் அவரும் வந்தார் என்றே வைத்துக்கொள்கிறேன். கவுன்ட்டரில் நின்றது அவர்தானே? பெற்ற தாயை விட்டுவிட்டு எண்ணிச் சொல்லி டிக்கெட் வாங்கினாரே, அவருக்கும் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். மருமகளைத் திட்டுவது எளிது, பத்திரிகைக்காரர்களுக்கு இன்னும் எளிது. ஆனால் அம்மாவை உள்ளே கூட்டிப்போக வேண்டிய முதல் கடமை அவருடையது.

என் கொள்கையைச் சொல்லிவிடுகிறேன், பிடிக்காவிட்டால் போகட்டும். வீட்டுப் பெரியவரை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனால் உள்ளே கூட்டிப்போக வேண்டும். முடியாதென்றால் வீட்டில் நிம்மதியாகப் படுத்திருக்க விட வேண்டும். பைக்குக் காவலாக ஆள் கொண்டுபோவது மரியாதை இல்லை. அதையும் பேரப்பிள்ளைகள் கண்ணெதிரே செய்வது இன்னும் மோசம். அருங்காட்சியகத்தில் உங்கள் மகன் வேறு எதைக் கற்றானோ, படிக்காதவர்கள் வெளியே உட்கார வேண்டும் என்பதை நேரிலேயே பார்த்திருக்கிறான்.

ஆனால் அவன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை பாருங்கள். மூன்று முறை வெளியே ஓடியிருக்கிறான். ஐஸ்கிரீம் வண்டியைத் தேடி ஓடவில்லை. எங்கே போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டே போயிருக்கிறான், நீங்களே அதை எழுதியும் இருக்கிறீர்கள். ஒரு பொருளைப் பார்த்து, அது யாருக்குப் பிடிக்கும் என்று யோசித்து, அந்த ஆளைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு, மறுபடி உள்ளே வந்து அடுத்ததைப் பார்த்திருக்கிறான். ஒன்றையும் பார்க்காதவன் எதைச் சொல்ல ஓடுவான்? இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் கவனக் குறைபாடு.

இன்னொன்று கேட்கிறேன். அந்த மூன்று முறையும் அவன் ஆச்சியிடம் என்ன சொன்னான்? உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். நோட்டைக் கொடுத்துப் பத்து வரி கேட்டீர்கள், டாக்டர் வரைக்கும் யோசித்துவிட்டீர்கள், முகம் தெரியாத எனக்குக் கடிதம் எழுதினீர்கள். அடுத்த அறையில் இருக்கும் மாமியாரிடம் "அத்தை, பையன் உங்ககிட்ட வந்து என்ன சொன்னான்?" என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. பிள்ளை என்ன பார்த்தான் என்பது முழுக்க அந்த அம்மாவிடம் இருக்கிறது.

அந்தப் பெரிய பானை விஷயத்துக்கு வருகிறேன். எழும்பூரில் ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள் இருக்கின்றன. ஆதிச்சநல்லூர் எங்கே இருக்கிறது? தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில். இறந்தவர்களின் எலும்பை முதுமக்கள் தாழி என்கிற பெரிய மண்பானையில் வைத்து, கூடவே இரும்புக் கருவி, வெண்கலப் பாத்திரம் எல்லாம் போட்டுப் புதைத்த இடம். 1876-ல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் முதலில் தோண்டி, கிடைத்ததைக் கப்பலேற்றிக்கொண்டு போனார். 1899-லிருந்து சில வருடங்கள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்தவை சென்னைக்கு வந்தன. மெல்லிய தகடாகத் தட்டி, நெற்றியில் கட்டிக்கொள்ள இரண்டு பக்கமும் துளையிட்ட தங்கப் பட்டம் கிடைத்தது. எருமையும் சேவலும் நிற்கிற வெண்கல மூடிகள் கிடைத்தன. பானைக்குள் நெல் உமி கூடக் கிடைத்தது.

உங்கள் மகனைப் பிடித்து நிறுத்தியது அப்படி ஒரு தாழி என்றால், அது அவன் ஆச்சி ஊர்ப் பானை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வயசான பெண்களுக்குப் பானை பற்றியும் மண் பற்றியும் ஆற்று வெள்ளம் பற்றியும் தெரிந்தது, கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கும் நாலு வரிச் சீட்டில் இருக்காது. எவ்வளவு பெரிய பானையில் எத்தனை மரக்கால் நெல் பிடிக்கும், பானையை எப்படிச் சுடுவார்கள், விரிசல் விட்டால் என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லியிருப்பார். சொல்லக்கூடிய ஒரே ஆளை வெளியே உட்கார வைத்துவிட்டு, உள்ளே உங்கள் மகனுக்கு எதைக் காட்டிக்கொண்டிருந்தீர்கள்?

படிக்காதவருக்குப் புரியாது என்றீர்களே, அந்த இடத்தின் வரலாறே வேறு. 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் இருந்தபோது, 1850-களில், அந்த வளாகத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்திருந்தார்கள். பிறகு அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூருக்குப் போனதெல்லாம் தனிக் கதை. பழைய மெட்ராஸ்காரர்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்பார்கள், மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்பார்கள். காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சுற்றுவட்டார ஜனம் அங்கே வரும். வந்தவர்களில் எத்தனை பேருக்கு எழுத்து தெரிந்திருக்கும்? திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, வாயில் கைவைத்து, ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுப் போவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் உள்ளே வரலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. அதை இப்போது நாம் சொல்கிறோம்.

சின்னப் பிள்ளைகளை இந்த மாதிரி இடங்களுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டிப்போகலாம். ஆனால் எந்த இடத்துக்கு எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். பிள்ளைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் முதன்முதலில் வந்தது 1899-ல், நியூயார்க்கின் புரூக்ளினில். 1913-ல் பாஸ்டனில் ஒன்று வந்தது. 1960-களில் அந்த பாஸ்டன் அருங்காட்சியகத்தை நடத்திய மைக்கேல் ஸ்பாக், கண்ணாடிப் பெட்டிகளைத் தூக்கிவிட்டுப் பிள்ளைகள் தொட்டு, திருகி, உள்ளே நுழைந்து பார்க்கிற மாதிரி மாற்றினார். இப்போது சிறுவர் அருங்காட்சியகம் என்றதும் பலருக்கு மனதில் வருவது அந்த வகைதான்.

எழும்பூர் அந்த வகை இல்லை. பொம்மைகளும் மாதிரிகளும் இருந்தாலும் பெரும்பாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதுதான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொட முடியாத இடத்தில் பிள்ளையின் கைக்கு வேலை இல்லை, அதனால் வாய்க்கு வேலை கொடுக்க வேண்டும். பேசுவதற்கு ஆள் வேண்டும். அவசரப்படாத, ஃபோனைப் பார்க்காத, "அடுத்தது பாரு, அடுத்தது பாரு" என்று இழுக்காத ஆள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார் என்று பையன் கண்டுபிடித்திருக்கிறான். கையால் திருகி அழுத்திப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. உங்கள் நாலு வயதுப் பெண்ணுக்கு அதுதான் இப்போதைக்கு ஒத்துவரும். எழும்பூரில் அவள் அரை மணி நேரம் பார்த்தாலே அதிகம். அதற்கு மேல் நச்சரித்தால் அப்பா தூக்கிக்கொண்டு வெளியே போகட்டும், பையையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

டாக்டர் விஷயம். பள்ளியில் ஆசிரியரும் தொடர்ந்து இதையே சொல்கிறார், வீட்டில் சாப்பிடக்கூட ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, பிடித்த விளையாட்டிலும் நிலைக்கவில்லை என்றெல்லாம் இருந்தால், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஆனால் அவரிடம் போய் அருங்காட்சியகத்தையும் தோழி மகளின் வீடியோவையும் சாட்சியாக வைக்காதீர்கள். கேமரா முன்னால் ஒப்பிக்கிற பிள்ளை எவ்வளவு பார்த்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த வீடியோவுக்கு முன்னால் எத்தனை தடவை ஒத்திகை நடந்தது என்று தோழியிடம் கேட்டுப் பாருங்கள். உண்மையைச் சொல்கிறாரா பார்க்கலாம்.

அந்தப் பத்து வரி நோட்டை எடுத்துப் பழைய பேப்பரோடு போட்டுவிடுங்கள். விடுமுறை நாளில் ஊர் சுற்றிக் களைத்து வந்த ஏழு வயதுப் பிள்ளையிடம் கட்டுரை கேட்பது எந்த ஊர் நியாயம்? அடுத்த முறை பெட்டிக்குக் கீழே இருக்கும் தமிழ்ச் சீட்டை அவன் ஆச்சிக்குப் படித்துக் காட்டட்டும். இரண்டாம் வகுப்புப் பையனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆச்சிக்கு நிஜமாகவே படிக்கத் தெரியாது, அவன் படித்தால்தான் அவருக்குத் தெரியும். தப்பாகப் படித்தால் படிக்கட்டும், நடுவில் புகுந்து திருத்தாதீர்கள்.

எல்லாக் கட்டடத்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். இரண்டு பிரிவு போதும். திறந்த உடனே காலையில் போனால் கூட்டம் இருக்காது, மூட்டு வலிக்காரரும் நிதானமாக நடக்கலாம். வலித்தால் ஓர் இடத்தில் உட்காரட்டும், அங்கே இருக்கும் ஊழியரிடம் கேட்டால் நாற்காலி தர மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்? உள்ளே உட்காரட்டும் என்கிறேன், வெளியே இல்லை. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அன்றைக்குப் போய் ஏமாறாதீர்கள்.

கோடை விடுமுறையில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் போவீர்கள் அல்லவா? ஆதிச்சநல்லூரிலேயே, தோண்டிய குழிகளைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி 2023-ல் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தாழிகள் மண்ணுக்குள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்பதை மட்டும் கூகுளில் தேடாமல் உங்கள் அத்தையிடம் கேளுங்கள்.