டீசல் லோரி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் விழுகிறது, ஸ்டார்ட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால்: பட்டர்வொர்த்தில் கொண்டெய்னர் இழுக்கும் 24 வோல்ட் லோரி, காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் கனத்துச் சுற்றுகிறது, டேஷ்போர்டில் வோல்டேஜ் குறைவு என்று எச்சரிக்கை வருகிறது, பேட்டரி இரண்டும் புதிது, போர்மேன் ஸ்டார்ட்டரை (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டாரை) மாற்றச் சொல்கிறார்.

அண்ணே, ஸ்டார்ட்டருக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு மல்ட்டிமீட்டரை எடுங்கள், சாவி திருப்ப ஓர் ஆளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பிறை வட்டாரத்தில் லோரி வயரிங் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. இந்தக் கோளாறோடு வந்த வண்டிகளில் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நன்றாக இருந்து, நடுவில் ஓடும் கேபிளோ எர்த்தோ (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) கெட்டுப்போனதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழு சார்ஜ், 24.4 பக்கம் என்றால் ஏறக்குறைய பாதி. இதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று மீட்டரை மூடி வைத்துவிடுகிறார்கள், அங்கேதான் கோளாறு தப்பித்துக்கொள்கிறது. வண்டி சும்மா நிற்கும்போது கரண்ட் ஓடுவதில்லை, அதனால் அழுகிப்போன கேபிள்கூட முழு வோல்டேஜைக் காட்டும். அளவு எடுக்க வேண்டியது ஸ்டார்ட்டர் சுற்றும்போது.

கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துவிட்டு, முதலில் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகப் பாருங்கள். மீட்டர் முனை ஈயக் கம்பத்திலேயே படட்டும், அதன் மேல் மாட்டிய கிளாம்ப்பில் வேண்டாம். சுற்றும்போது ஒன்று 11 வோல்ட்டில் நின்று இன்னொன்று 8க்கு இறங்கினால், புதிதோ பழசோ, இறங்கியதுதான் குற்றவாளி. உங்கள் வண்டியில் ரேடியோ, கேமரா, போன் சார்ஜர் எல்லாம் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் அப்படி எடுத்தால் அந்த ஒரு பேட்டரி மட்டும் என்றைக்கும் அரைகுறை சார்ஜிலேயே கிடக்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கெடும். அதற்குத் தனியாக 24இலிருந்து 12க்கு மாற்றும் கன்வெர்ட்டர் போட வேண்டும்.

இரண்டும் 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கிறது, ஆனாலும் இன்ஜின் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் வழியில் எங்கோ வோல்டேஜ் போகிறது. மீட்டரின் ஒரு முனை, சேஸிஸுக்கு (வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு) எர்த் போகும் பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை ஸ்டார்ட்டரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள். சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. அதே மாதிரி, ஸ்டார்ட்டருக்குக் கேபிள் போகும் பாசிட்டிவ் கம்பத்துக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் போல்ட்டுக்கும் நடுவே சுற்றும்போது ஒரு வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஸ்டார்ட்டர் 300 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், ஒரு மூட்டில் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். 0.01 ஓமைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் பிடிக்கவே முடியாது, அதனால்தான் வோல்டேஜை அளக்கச் சொல்கிறேன்.

எர்த் பக்கம் அதிகமாகக் காட்டினால் இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் பட்டையை முதலில் சந்தேகப்படுங்கள். இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டில், அந்தப் பட்டை இல்லாமல் கரண்ட் திரும்பி வர நல்ல வழி கிடையாது. துறைமுகப் பக்கம் உப்புக் காற்றில் ஓடும் வண்டிகளில் கேபிள் வெளியே பளபளவென்று இருக்கும், லக் (கேபிள் நுனியில் போல்ட் மாட்டும் வளையம்) பக்கத்து ரப்பரை இரண்டு விரற்கடை சீவினால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிரும். சுற்றி முடித்தவுடன் மூட்டைத் தொட்டுப் பாருங்கள், கெட்ட மூட்டு மட்டும் சூடாக இருக்கும். (போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், கையில் மோதிரம், வாட்ச் எதுவும் வேண்டாம்.)

கேபிள் எல்லாம் சரி, சுற்றும்போது பேட்டரி வோல்டேஜே இரண்டிலும் சேர்ந்து இறங்குகிறது, சார்ஜும் முழுசு என்றால் அப்போது உங்கள் போர்மேன் சொல்வது சரியாக இருக்கலாம். கிளாம்ப் மீட்டரால் (கேபிளைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்) ஸ்டார்ட்டர் இழுக்கும் ஆம்பியரைப் பார்த்து, வண்டிக் கையேட்டில் உள்ளதைவிட ரொம்ப அதிகம் என்றால் கழற்றச் சொல்லுங்கள்.

காலையில் மட்டும்தான் இப்படி என்றால், நம் ஊரில் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. ராத்திரி ஏதோ ஒன்று பேட்டரியைக் குடிக்கிறது, அல்லது பகலில் சார்ஜ் போதவில்லை. இன்ஜின் ஓடும்போது 27.5இலிருந்து 28.5 வரை வர வேண்டும், அதற்குக் கீழே என்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் போங்கள்.

சுற்றும்போது ஒவ்வொரு பேட்டரியும் எவ்வளவு, எர்த் பக்கம் எவ்வளவு, பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு, இந்த அளவுகளைக் கீழே எழுதுங்கள், எந்தப் பக்கம் கைவைக்கலாம் என்று சொல்கிறேன்.